மேலே யார் இருக்கிறார்கள்

ஆகஸ்ட் லீவுக்குக் கடலுக்குப் போவதென்று
பீலிக்கரையில் முடிவாயிற்று.
எந்தக் கடல் என்பதுதான் மிச்சம்.

சீட்டுக் கொப்பி என் கையில்.
இருபத்துமூன்று பெயர், பதினொரு பிள்ளைகள்.
வேன் காணாது, பஸ்தான் வேண்டும்.
லிந்துலையில் பஸ் வைத்திருக்கும் நிசாம்தீன்
விலை சொல்லுமுன் காற்றைச் சொன்னார்:
"இந்த மாசம் தெற்கே இறங்காதீங்க, காலை வாரும்.
மார்கழி என்றால் உனவட்டுன.
இப்ப கிழக்கு. பாசிக்குடா."
அறுகம்பை?
"அது பலகையில ஏறி நிக்கிறவங்களுக்கு."

நேசமலரின் மகன் போனில் படம் காட்டினான்.
எல்லாப் படத்திலும் ஒரே நீலம்.
அந்த நீலத்தை நாங்கள்
மருந்துப் பீப்பாயில்தான் பார்த்திருக்கிறோம்.

"ஆழம் எவ்வளவு?" என்றாள் ஜெசிந்தா.
அரைக் கிலோமீட்டர் நடந்தாலும்
இடுப்புக்கு மேல் ஏறாதாம் என்றான்.
"யாரோட இடுப்பு?"
எல்லோரும் சிரித்தோம்,
பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினோம்.
அக்ரா ஓயாவில் மணல் அள்ளிய குழிக்கு மேலும்
தண்ணீர் மட்டமாய்த்தான் கிடந்தது,
அவள் தம்பி இறங்கிய அன்று.

கொப்பியின் பின்பக்கத்தில் எழுதினேன்:
திடீர்ப் பள்ளம் உண்டா.
கொடி நட்டிருக்கிறார்களா, அதற்குப் பக்கத்தில்
ஆள் நிற்கிறாரா, கொடி மட்டும்தானா.
யோகராணி எட்டிப் பார்த்து, இதையும் எழுது என்றாள்:
ஈர உடுப்பு மாற்ற மறைப்பு உண்டா,
அதற்குக் கதவு உண்டா, கதவுக்குக் கொண்டி உண்டா.
போனில் தேடினான் பையன்.
மணலுக்கு ஐந்து நட்சத்திரம், இறாலுக்கு நான்கரை.
கொண்டியைப் பற்றி
உலகத்தில் ஒருவரும் எழுதியிருக்கவில்லை.

புஷ்பகாந்தி அதுவரை பேசவில்லை.
படங்கை அலசிப் பிழிந்தபடி கேட்டாள்:
"அந்தத் தண்ணிக்கு மேல யார் இருக்காங்க?"

எங்களுக்குத் தண்ணீர் என்றால் அந்தக் கேள்விதான்.
பீலிக்கு மேலே பத்தாம் நம்பர் லயம்,
லயத்துக்கு மேலே மாட்டுப்பட்டி,
பட்டிக்கும் மேலே மருந்து கலக்கும் தொட்டி.
செவ்வாய்க்கிழமை மலையில் மருந்தடித்தால்
புதன்கிழமை வாய் கொப்பளிக்க மாட்டோம்.
தெளிவாய் இருக்கிறதே என்று நம்பிக் குடித்தவர்கள்
தோட்டத்து டிஸ்பென்சரியில் வரிசையில் நின்றதுண்டு.

"கடலுக்கு மேல யாருமில்ல அக்கா,
கடல்தான் கடைசி" என்றான் பையன்.

கொஞ்ச நேரம் பீலி மட்டும் பேசியது.

கடைசி என்றால்
மேலே இருப்பது நாங்கள்தானே.
அவனுடைய பள்ளிக்கூட வரைபடத்தை விரித்துப் பார்த்தோம்.
இந்தக் கான் ஓடையில் விழுகிறது,
ஓடை அக்ரா ஓயாவில்,
அது கொத்மலையில் கொஞ்சம் தங்கி
மகாவலியோடு கூடி
வளைந்து வளைந்து வடகிழக்கே போய்
மூதூருக்குப் பக்கத்தில் கடல் சேர்கிறது.
எங்கள் சவர்க்கார நுரை, ஷாம்பூப் பைக்கட்டு,
பிள்ளைகளின் பம்பர்ஸ்
எல்லாம் எங்களுக்கு முன்னமே கிளம்பிவிட்டன,
சீட்டுக் கட்டாமல், பஸ் ஏறாமல்.

மூதூரிலிருந்து பாசிக்குடா
வரைபடத்தில் இரண்டு விரற்கடை தெற்கே.
"அது போதுமா?" என்றாள் யோகராணி.
எனக்கென்ன தெரியும்.
நிசாம்தீனுக்குப் போன் போட்டு
பாசிக்குடா என்றே சொன்னேன்,
அட்வான்ஸ் எட்டாயிரம்.

புஷ்பகாந்தி குனிந்து
கானில் ஒட்டிக்கிடந்த பைக்கட்டு ஒன்றை எடுத்து
இடுப்பில் செருகிக்கொண்டாள்.
இன்னொன்று அவள் கைக்குத் தப்பி மதகுக்குள் போனது.
நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம்.

இருட்டிய பிறகு ஜெசிந்தா லயத்துக்கு வந்தாள்,
மடித்த நோட்டுகளோடு.
பெயரை எழுதிக்கொள், ஆனால்
தண்ணீரில் இறங்கமாட்டேன் என்றாள்.
கரையில் நின்றுகொள்கிறேன்,
பிள்ளைகளின் தலையை எண்ண.
எத்தனை என்று கேட்டாள்.
பதினொன்று என்றேன்.
வாசலைக் கடக்கும்போது
அவள் வாய்க்குள் எண்ணிப் பார்ப்பது கேட்டது.
ஒன்பது வரை வந்து
மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.